நாலு விரல்

அதற்குள் மூன்றாவது கியருக்குப் போய்விட்டான், முட்டாள். ஏற்றத்தில் இந்த இன்ஜினை அப்படி இழுக்கக் கூடாது, இது பெட்ரோல் இல்லை, மிதித்ததும் வீல் என்று கத்திக்கொண்டு ஓடாது, இதற்கு மூச்சு மெதுவாகத்தான் ஏறும், பாரத்துக்கென்றே பிறந்த லாரி இன்ஜின், அதைப் போய் ஸ்கூட்டி மாதிரி ஓட்டுகிறான். சுருளிவேல். என் மனைவியின் தம்பி. ஜீப்புக்கு இன்ஜின் வருவதற்கு முன்னால் ஹாரன் வாங்கி வந்தவன். வண்டி இதயம் இல்லாமல் கட்டைமேல் நின்ற ஒரு மாதமும் அந்த ஹாரனைப் பேட்டரியில் தொட்டுத் தொட்டு அடித்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தவன். அவன் கையில் ஸ்டீயரிங். பக்கத்தில் அவன் அக்கா போதுமணி. பின்னால் ஆட்களுக்குப் பதிலாக மண் மூட்டை. நான் இங்கே, மலையடியில், முனாஃப் பாய் ஷெட்டில், அதே ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட்டில் மல்லாந்து படுத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸரைக் காத்துவிட்டு வந்த கண், மூடினால் எரிகிறது, திறந்தால் தகரக் கூரை ஓட்டைகளில் வெயில் குத்துகிறது. போய்ப் படுங்களேன் அண்ணே என்றார் பாய். படுத்தால் தூங்கிவிட முடியும் என்று நினைக்கிற ஜாதி அவர். இப்போது இரண்டாவதுக்கு இறக்குகிறான், கேட்கிறது, வளைவு வந்துவிட்டது, இன்ஜின் ஒருமுறை முனகி எழுகிறது, லாரியின் தொண்டை ஜீப்பின் உடம்புக்குள்ளிருந்து பேசுகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. நான் ஏறியிருக்க வேண்டும் என்பது பாயின் எண்ணம். இந்த ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: வேற்று இன்ஜின் போட்ட வண்டி முதல் தடவை மலை ஏறும்போது அதை உட்கார வைத்தவன் முன்சீட்டில் உட்கார்ந்து போய்த் திரும்ப வேண்டும். தன் வேலைமேல் தானே உட்கார வேண்டும், அதற்கப்புறம்தான் ஊரார் ஏறலாம். எலுமிச்சம்பழத்தை நசுக்கியாயிற்று, சூடம் கொளுத்தியாயிற்று, பாய்கூட அதற்கு ஒதுங்கி நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, ஏறுங்க" என்றார். "எனக்கெதுக்கு பாய் இந்தச் சடங்கு? என் வேலைமேல எனக்குச் சந்தேகம் இருந்தாத்தானே நான் ஏறணும். சந்தேகப்படுறவன் ஏறட்டும்" என்றேன். சொன்னதும் எனக்கே பிடித்திருந்தது. போதுமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "அப்ப நான் ஏறுறேன்." "ஏன், உனக்குச் சந்தேகமா?" "எனக்கு உக்கார எடம் வேணும். ஒத்துங்க." ஏறிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் கூட்டிப்போகிற கூலி செட்டுப் பெண்கள் இந்த ஜீப்பில்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலை ஏறுவார்கள், அவளை நம்பித்தான் ஏறுவார்கள், அதனால் முதலில் நம்ம வீட்டு ஆள் ஏறாமல் ஊரான் பிள்ளையை ஏற்றுவதா என்று அவளுக்கு ஒரு கணக்கு. நான் தோளைக் குலுக்கினேன். ஒத்தி வழி விட்டேன்.

சத்தம் போய்விட்டது. இல்லை, போகவில்லை, மலை மடிப்புக்குப் பின்னால் போனால் அப்படித்தான், வழித்து எடுத்ததுபோல் நின்றுவிடும், அடுத்த கொண்டை ஊசியில் திரும்பியதும் எதிர்ப் பாறையில் மோதி வரும். என் காதுக்குத் தெரியும். காதால் பிழைத்தவன் நான். கம்ப்ரஸரில் பேரிங் தேய்ந்தால் அது உடைவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குக் கேட்கும். மாதம் ஒருமுறை படித்த பையன் ஒருவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து மீட்டரைப் பார்த்து மீட்டர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவான், மீட்டருக்குப் பின்னால் ஒரு மிஷின் இருப்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லைபோல. முதலாளி அவனுக்கு இளநீர் வெட்டச் சொல்வார். பாய்க்கு வேறு வித்தை, அவர் இன்ஜினை எட்டி ஒரு உதை உதைத்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பம்ப் போயிருச்சு என்பார், எந்த வண்டி வந்தாலும் பம்ப்தான் போயிருக்கும். சுருளிக்கோ செல்போனில் எவனோ இந்தியில் கத்தும் வீடியோ. இந்த மூன்று வகை ஆட்களுக்கும் நடுவில் நான் ஒருவன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழைய பேப்பர் கடையில் கிடந்த லாரி புத்தகத்தை ராத்திரி ராத்திரியாக டியூப் லைட்டில் வைத்து, தெரியாத வார்த்தைக்கு அகராதி பார்த்து, படம் பார்த்து, பாதி புரிந்து, புரியாத பாதியை இன்ஜினைக் கழற்றிப் புரிந்துகொண்டவன். இருந்து என்ன. வீட்டில் ஒரு தலையணை, அதன் சூடு ஆறியதே இல்லை, நான் வரும்போது அவள் எழுந்து போயிருப்பாள், அவள் வரும்போது நான் போய்விடுவேன், சூடு எப்போதும் மற்றவருடைய சூடு. இந்த ஜீப்பு வேலையில்தான் இருபது நாள் பகல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். மதியம் தூக்குவாளியோடு வருவாள். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். இது எதுக்கு, அது எதுக்கு என்பாள். நான் சொன்னால் நடுவிலேயே வேறெங்கோ பார்க்க ஆரம்பித்துவிடுவாள், அதனால் சொல்வதை விட்டேன். சொல்லி யாருக்குப் புரிந்தது. இன்ஜினுக்கும் பழைய கியர் பெட்டிக்கும் நடுவில் போட வேண்டிய தகட்டை நான் அட்டையில் வெட்டி, தகரத்தில் வெட்டி, பிறகு இரும்பில் கடைந்தேன், துளைகள் முடி அளவு தவறவில்லை, அதைப் பார்த்து, "ஏன் மாமா, வெல்டு வெச்சா சீக்கிரம் முடிஞ்சிருமே" என்றான் சுருளி. வெல்டு. இவனுக்கு உலகத்தில் எல்லாமே ஒட்டவைக்க வேண்டிய சாமான்.

இதோ. வந்துவிட்டது. தூரத்தில், மேலே, தேனீ ஒன்று பாட்டிலுக்குள் சுற்றுவதுபோல. நன்றாகத்தான் ஏறுகிறது. சத்தத்தில் அடி சீராக விழுகிறது, நாலு சிலிண்டரும் பேசுகின்றன, எதிலும் இடறல் இல்லை. எதில் எனக்கு இடறுகிறது என்றால், சத்தத்தில் இல்லை, வேறெங்கோ, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல, நாக்கு அங்கேயே போகிறது. என்ன அது. நேற்று சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது சுருளி ஒரு பழைய லாரி டயரைச் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான், முகமெல்லாம் கறுப்பு நுரை. "என்ன மாப்ளே, செருப்புக் கடையா?" என்றேன். "ஆமா மாமா. உங்க சைஸைச் சொல்லிட்டுப் போங்க." பாய் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். போதுமணி சிரிக்கவில்லை, டயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலையைக் கொடுத்தால் இவர்கள் இப்படித்தான், முக்கியமானதை விட்டுவிட்டு மட்கார்டுக்கு ஒரு தொங்கட்டான், பம்பருக்கு ஒரு பட்டை. அது இல்லை, இடறுவது அதற்கும் முன்னால். அதற்கு முந்தின நாள். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கி, நான் செய்த காலில் உட்கார வைத்து, போல்ட்டை விட்டு, நான் வண்டிக்கு அடியில் படுத்து விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஆகவே முன் ஆக்சிலின் நடுவிலும் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை, அதற்கு நேர் மேலே லாரி இன்ஜினின் ஆயில் சம்ப், அடியில் ஆயில் நிற்கிற தொட்டி, லாரிக்காரன் அதை ஆழமாகத்தான் செய்திருப்பான், அவன் வண்டியில் முன்னால் உருண்டை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் எழும்பும், எழும்பி சம்பை இடித்தால் சம்ப் பிளந்து ஆயில் எல்லாம் ரோட்டில். அதனால்தான் சம்பை வெட்டி, தட்டையாக்கி, ஒட்டி, விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல். கட்டை விரலை மடக்கிக்கொண்டு நாலு விரலும் படுக்கையாகத் தாராளமாகப் போனது. நாலு விரல் என்று கத்தினேன் அடியிலிருந்தே. ஊரில் இந்த வேலையைச் செய்த எவனும் மூன்றுக்கு மேல் வைத்ததில்லை.

அப்போது சுருளி ஏதோ கேட்டான். என்ன கேட்டான். குனிந்து, தலைகீழாக, அவன் முகம் மட்டும் மட்கார்டுக்குக் கீழே தெரிந்தது. "மாமா, சக்கரத்த மாட்டிக் கீழ எறக்கிட்டு ஒருதடவ வெரல விட்டுப் பாத்துருவமா?" நான் சொன்னேன், "ஏன், எறக்குனா சம்ப் வளந்துருமா மாப்ளே?" பாய் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். சுருளியும் சிரித்தான். சம்ப் வளராது, சரிதான், சம்ப் எப்படி வளரும், சத்தம் மறுபடி நின்றுவிட்டது, அடுத்த மடிப்பு, மேலே இன்னும் உயரத்தில், சம்ப் வளராது, ஆனால் வண்டி கட்டைமேல் நின்றது. சேசிஸுக்கு அடியில் கட்டை. முன்சக்கரம் இரண்டும் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அப்படியானால் ஆக்சில் எங்கே இருந்தது. தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் பட்டைகள் விறைப்பு விட்டு, ஆக்சில் தன் பாரத்தில் தானே கீழே தொங்கிக்கொண்டிருந்தது, நான் அந்தத் தொங்கலில் விரலை விட்டு நாலு என்று கத்தினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சீட்டின் கம்பி ஒன்று முதுகில் கீறியது. சக்கரத்தை மாட்டி இறக்கினால் வண்டியின் பாரம் முழுக்கப் பட்டையில் உட்காரும், பழைய பெட்ரோல் இன்ஜினைப்போல் இரண்டு மடங்கு கனம் இது, பட்டை அதே பழைய பட்டை, ஜீப் மிலிட்டரியில் ஓடிய காலத்தில் போட்ட பட்டை, உட்காரும், உட்கார்ந்தால் நாலு விரலில் எத்தனை விரல் மிச்சம். ஒன்று? ஒன்றாவது? இறக்கியது நேற்று ராத்திரி, நான் ஐஸ் கம்பெனியில் இருந்தபோது. காலையில் வந்தேன், வண்டி நாலு காலில் நின்றது, கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள், நான் குனியவில்லை. ஒரு இடத்தை இரண்டு தடவை பார்க்கிறவனை எனக்குப் பிடிக்காது.

இருக்கட்டும், ஏறும்போது ஒன்றும் ஆகாது. ஏறும்போது பாரம் பின்னால் போகும், முன்பக்கம் லேசாகும், மண் மூட்டையும் பின்னால்தான். இப்போது ஏறிக்கொண்டுதானே இருக்கிறார்கள். இறங்கும்போது. இறக்கத்தில் கொண்டை ஊசிக்கு முன்னால் பிரேக்கை மிதிப்பான், அவனுக்கு மெதுவாக மிதிக்கத் தெரியாது, கடைசி நிமிஷத்தில் மிதித்துவிட்டுச் சிரிக்கிறவன், வண்டி முகம் குப்புற அழுந்தும், அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம், மழை அரித்த ஓரம், உருண்டை மேலே வந்து ஒரு முட்டு. சம்ப் பிளக்கும். நான் ஒட்டின இடத்தில் பிளக்கும். ஆயில் இல்லாமல் இன்ஜின் எத்தனை நேரம் ஓடும், அடுத்த வளைவு வரை ஓடும், பிறகு இறுகும், கியரில் இருக்கிறபோது இறுகினால் பின்சக்கரம் இரண்டும் கட்டிக்கொள்ளும், வளைவில், சொந்த ஆயிலிலேயே வழுக்கி, வெளிப்பக்கம், அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம். எனக்கு இவ்வளவு நன்றாக யோசிக்கத் தெரிகிறது. ஒவ்வொரு போல்ட்டாக யோசிக்கத் தெரிகிறது. போனை எடுத்து அவளுக்கு அடித்தேன். தலைக்கு மேலே, ஆணியில் தொங்கிய அவளுடைய வயர்கூடைக்குள் போன் பாடியது. தூக்குவாளிக்கும் துண்டுக்கும் நடுவில் வெளிச்சம் அடித்துக்கொண்டு, அதில் என் பெயர் இல்லை, வீடு என்று இருந்தது. சுருளிக்கு அடித்தேன், மலையில் எங்கே கிடைக்கும், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள். பாய் தலையைத் திருப்பி, "யாருக்கண்ணே?" என்றார். "யாருக்கும் இல்ல. பாய், உங்க பைக் சாவி குடுங்க." "எங்க?" "டீ குடிக்க." பாய் ரோட்டுக்கு எதிரில் பார்த்தார். டீக்கடை இருந்தது. மாஸ்டர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "இதுக்கு வண்டியா?" என்றார் பாய், கேலி இல்லாமல். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்த வெறுப்பை எழுதினால் நம்ப மாட்டார்கள், அந்தச் சிவந்த பல், அந்த நிதானம், சாவி அவர் இடுப்பில், இடுப்புத் துணிக்குள், நான் சொன்னால் கொடுப்பார், ஒரே ஒரு வார்த்தை, இடிக்கும் பாய், நான் தொங்கலில் அளந்துவிட்டேன் பாய். தொண்டை வரை வந்தது. வந்து அங்கே என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சொன்னால் என்ன, செத்தா போவேன், அவள் அங்கே வளைவில், நான் இங்கே இந்த வெற்றிலை வாய் என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று, ச்சீ, என்ன மனிதன், சுருளியை முட்டாள் என்றேனே, அவன் குனிந்து தலைகீழாகக் கேட்டானே, மனிதனுக்கு மனிதன் அதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பது. "பாய்" என்றேன். "அந்த சம்ப்." "ஆங்?" "சம்ப் இடிக்கும் பாய். நான் அளந்தது தப்பு. வண்டி கட்டைமேல நிக்கிறப்ப அளந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மெல்லுவதை நிறுத்தினார், என்னைப் பார்த்தார், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். சாவியை எடுத்து நீட்டினார். "பதறாம போங்கண்ணே" என்றார். சாவி அவர் உடம்புச் சூட்டில் இருந்தது. நான் வண்டியை உதைத்தேன், பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தேன், பம்ப் போயிருக்கும் என்று எனக்குள்ளே ஒரு நாய் சிரித்தது, மூன்றாவது உதையில் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டேன். வந்தது. மேலே, மடிப்பைத் தாண்டி. இறக்கத்துச் சத்தம், ஏற்றத்துச் சத்தம் அல்ல, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்குகிற சத்தம், உர்ரென்று. அடியெல்லாம் சீராக. நான் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு வளைவாக அதைக் கீழே இறக்கினேன். இங்கே மிதிப்பான். மிதித்தான். இங்கே பள்ளம். தடக் என்று ஒன்று கேட்டது, கேட்டதா, என் முழங்காலா அது, சத்தம் அறுந்து, இல்லை, மடிப்பு, மறுபடி உர்ர். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைத்தால் அந்த இடத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று துடைக்காமல் நின்றேன். "வருது" என்றார் பாய் பின்னாலிருந்து, எனக்குக் காது இல்லாததுபோல.

ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். செக்போஸ்ட்டைத் தாண்டும்போதே அடிக்க ஆரம்பித்துவிட்டான். "மாமா! யானை மாதிரி ஏறுது மாமா!" யானை ஏறி இவன் எங்கே பார்த்தான். போதுமணி முன்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், முடியெல்லாம் தூசி, நெற்றிப் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, மேலே காற்றில் உட்கார்ந்து வந்த முகம், அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை வருஷம். வண்டி நின்றதும் நிற்காததுமாகத் தரையில் படுத்து முன்பக்கம் அடியில் நகர்ந்துவிட்டேன். சூடு முகத்தில் அடித்தது. ஆயில் வாசம் இல்லை. சம்ப் காய்ந்திருந்தது. விரலை விட்டேன். ஒன்று. ஒரு விரல், அதுவும் சுட்டுக்கொண்டு, திருகித்தான் போனது. பிறகுதான் பார்த்தேன், இரண்டு பக்கமும் சேசிஸில், ஆக்சிலுக்கு நேர் மேலே, லாரி டயரை அறுத்து அடுக்கி, கனமாக, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் உயரத்தில், போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. ஆக்சில் எழும்பினால் முதலில் இதில்தான் முட்டும், முட்டி நின்றுவிடும், சம்புக்குப் போகாது. வெட்டு நேராகக்கூட இல்லை, கோணல், எலி கடித்ததுபோல். இடது பக்கத்து டயர் அடுக்கில் புதிதாக ஒரு அடி, ரப்பர் நசுங்கி வெளுத்திருந்தது. விரலால் தொட்டேன், இன்னும் சூடு. அந்தத் தடக். "மாமா, அது வந்து, நேத்து ராத்திரி நாங்க" என்று சுருளி ஆரம்பித்தான், கண் எட்டிய இடத்தில் இரண்டு ஜோடிக் கால்கள், மெட்டி போட்ட கால் ஒன்று செருப்புப் போட்ட காலை லேசாக மிதித்து எடுத்தது. பாய் எங்கோ இருமினார். நான் எழவில்லை. மேலே இன்ஜின் ஆறிக்கொண்டு டிக் டிக்கென்றது. என்ன சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள், அவர்கிட்ட சொல்லாதே என்றிருப்பாள், சொன்னா பிடுங்கிப் போட்டுருவாரு என்றிருப்பாள், பிடுங்கித்தான் போட்டிருப்பேன்.

"என்னங்க பாக்குறீங்க அங்கயே?"

"ஒண்ணுமில்ல. போல்ட் எறுகியிருக்கான்னு."

மெட்டி போட்ட கால்கள் ஒரு அடி முன்னால் வந்தன. பிறகு அவள் உட்கார்ந்தாள், முழங்கால், சேலை, தூசி படிந்த கை, கையின் உள்பக்கத்தில் ஸ்பேனர் பதிந்த கறுப்பு, இன்னும் போகாமல்.

"எறுகித்தான் இருக்கு," என்றாள். "நான்தான் முறுக்குனேன்."